ஆஸ்பத்திரியிலேயே ஏற்றுக்கொண்ட காணிக்கை

அறுபத்தெட்டாம் ஆண்டு மார்கழி மாதம். மதுரைப் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், பட்டப்பகலில், என் மனைவி கோமதியை இழந்துவிட்டேன் என்றே நான் முடிவு செய்திருந்தேன். அவள் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. அவள் பிழைக்கமாட்டாள் என்பது ஒரு வேதனை. பிழைக்க விரும்பாமல்தான் இப்படிச் செய்துகொண்டாளோ என்பது அதைவிடப் பெரிய வேதனை. இந்த இரண்டோடும் நின்றிருந்த என்னை அம்மன் எப்படிக் கைதூக்கி விட்டாள் என்பதை, அந்தத் தாயை நம்பும் உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். பத்து ஆண்டுகளாக இதை எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. சொல்லாதிருந்ததும் ஒரு பிழையே என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். தமிழில் எம்.ஏ. பட்டம் பெற்றவன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. தெருவிலுள்ள பெண்பிள்ளைகள் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். கோமதி ஒவ்வொருத்தியையும் மடியில் சாய்த்துத் தலை பார்த்து, வாரிப் பின்னி அனுப்புவாள். அவளுக்கும் இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். தன்னிடம் உள்ள அழகு என்று அவள் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான்.

அவள் பிறந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. புஞ்சைக் காட்டில் பருத்தியும் கம்பும் போடும் குடும்பம். அவர்கள் கும்பிடுவது திருச்சுழிக்கு அருகில் குண்டாற்றங்கரையில் இருக்கும் மாரியம்மனை. மழை தவறினாலும் முடி நேர்வார்கள். மாடு காணாமற்போனாலும் முடி நேர்வார்கள். தெய்வத்தோடு இது என்ன பேரம் என்று நான் சொல்வதுண்டு. "உங்க படிப்பு உங்களோட இருக்கட்டும். எங்க ஆத்தா எங்களோட இருக்கட்டும்" என்பாள் கோமதி. அதற்கு மேல் வாதாடமாட்டாள்.

அந்த மார்கழியில் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டில் உணவருந்தினார். பரிமாறிக்கொண்டிருந்த கோமதி, நடுவில் தன்னை மறந்து தலையைச் சொறிந்தாள். "தலையில் வைத்த கையால் இலையில் வைக்காதே. கழுவிவிட்டு வா" என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் விருந்தினர் காதில் விழுந்தது. அவள் உள்ளே போய்க் கை கழுவி வந்து, மோர் வரை பரிமாறி முடித்தாள்.

மறுநாள் அரையாண்டு விடுமுறை தொடங்கியது. "தம்பி வீட்டுக்குப் போய் ரெண்டு நா இருந்துட்டு வாரேன்" என்றாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன். தலை நிமிரவில்லை.

அதற்கு மறுநாள் முற்பகல். ஒரு வாடகைக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் கோமதி கிடந்தாள். கூந்தல் ஒரு துண்டால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. முன் இருக்கையிலிருந்து இறங்கினான் அவள் தம்பி அழகர்சாமி. பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே கிளம்பி வந்திருக்கிறான். சட்டையெல்லாம் மருந்து வாடை.

"மச்சான், அக்கா கெணத்தடியில விழுந்து கெடந்தா. குளிக்கப் போயிருப்பா போல, தலையெல்லாம் ஈரம். எம் பொண்டாட்டிதான் துண்டச் சுத்தி விட்டா. வாயில நொர, மச்சான்" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "தொழுவத்துல மருந்து டப்பா மூடி தெறந்து கெடக்கு. ஆனா மருந்துன்னு எங்கயும் வாயத் தெறந்துராதீக. போலீசு கேஸாயிரும். ஹெட்மாஸ்டர் பொஞ்சாதி மருந்தக் குடிச்சிட்டாள்னு ஊரு பேசும். ஒங்களுக்கு என்ன மரியாத மிஞ்சும்?"

பள்ளிக்கூடம் பாராத ஒருவன் அச்சத்தில் சொன்ன சொல் அது. அத்தனை படித்த நான் அதை ஏற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் செய்யும் பிழைதான்: உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதும், கெட்ட பெயர் வராமல் ஓடப் பார்க்கிறோம்.

வழியில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், வாந்திபேதி என்றோம். அவர்கள் எங்களை நம்பினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு, "இது எங்களுக்குப் பிடிபடவில்லை, மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் திருடியவன் நான்.

மதுரையில் காரின் கதவு திறப்பதற்குள் இருவர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள். எங்கள் பெயரையோ ஊரையோ யாரும் முதலில் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு இப்படி ஆச்சு?" என்பதே முதல் கேள்வி. அந்த அறையில் வரிசை என்று ஒன்று இல்லை. யாருக்கு மூச்சு குறைகிறதோ அவருக்கே முதல் இடம். பனையிலிருந்து விழுந்த ஒருவர், எங்களுக்கு முன்பே வந்தவர், ஒடிந்த காலோடு பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரமாய் நகர்ந்து எங்களுக்கு வழி விட்டார். நான் பள்ளியில் நடந்தால் வராந்தாவே ஒதுங்கும். இங்கே ஒரு பணியாளர் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். அது சரியான இடம்.

மருத்துவர் நடுவயதுக்காரர். கோமதியின் இமையை விரலால் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

"என்ன குடிச்சாங்க?"

"ஒன்றும் குடிக்கவில்லை."

"பூச்சி மருந்தா?"

"இல்லை. உணவு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் போலீஸ் இல்ல. போலீஸுக்கு எழுதுறது தனி, அதை எழுதியே ஆகணும். ஆனா நீங்க சொல்றத வச்சுத்தான் நான் ஊசி போடணும். இன்னொரு தடவ கேக்கறேன்."

"இல்லை" என்றேன்.

அவர் மேலும் கேட்கவில்லை. என் வாயை விட்டுவிட்டு அவள் கண்களை நம்பினார். குழாய் செருகி வயிற்றைக் கழுவினார்கள். நரம்பில் ஊசி ஏறியது. கழுவிய நீர் தெளிவாகவே வந்தது. மருத்துவர் அந்தப் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துப் புருவம் சுருக்கினார். "வயித்துல ஒண்ணுமே இல்லையே. வாடை மட்டும் அடிக்குது." அவர் பார்வை அழகர்சாமியின் சட்டையில் நின்றது. "மருந்தடிச்ச சட்டையோடயா உள்ள வந்தீங்க? வெளிய நில்லுங்க." அழகர்சாமி வெளியேறினான். வாடைக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் எண்ணினோம்.

ஊசி போட்டதும் கண்மணிகள் சற்று விரிந்தன. நுரை குறைந்தது. அரை மணி நேரத்தில் மீண்டும் சுருங்கின. மீண்டும் ஊசி. மீண்டும் அதே கதை. மூன்றாம் முறை மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளருகில் அமர்ந்துவிட்டார். "ஏறுது, எறங்குது. எங்கருந்தோ இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கு. எங்கருந்துன்னுதான் தெரியல" என்று செவிலியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வராந்தாவுக்கு வந்தேன். ஒரு தூணில் நெற்றியை வைத்து நின்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்திப் பாடல்களை மாணவர்களுக்குச் சொல்லித் தந்தவன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. என் வாயில் வந்தது கோமதியின் பேச்சு.

"ஆத்தா, அவ முடியத் தாரேன். அவளத் திருப்பிக் குடுத்துரு. என்னால அவ சாகப் போகலன்னு மட்டும் காட்டிரு. இனி நான் மறைக்கமாட்டேன்."

கடைசியாகச் சொன்னதை உடனே செய்ய வேண்டும் என்று தோன்றியது. உள்ளே போனேன். "டாக்டர், நான் பொய் சொன்னேன். பருத்தி மருந்து டப்பா திறந்து கிடந்திருக்கிறது. இரண்டு நாள் முன்பு விருந்தினர் முன்னிலையில் அவளைக் கடிந்துகொண்டேன். அதனால் குடித்திருப்பாளோ என்று அஞ்சி மறைத்தேன்" என்றேன். அந்த அறையில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அவர் கோபிக்கவில்லை. "பருத்தி மருந்துதான்னு எனக்கும் தெரியும், சார். ஆனா குடிச்ச மாதிரி இல்ல. வேற எங்கயோ இருக்கு. யோசிங்க" என்றார்.

யோசித்தும் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. நேர்ந்துகொண்டது மட்டும் நெஞ்சில் நின்றது. அவள் ஊரில் முடி நேர்ந்தவுடன் அடையாளமாக முதலில் ஒரு கற்றையை எடுத்து மஞ்சள் துணியில் முடிவார்கள். பூமுடி என்பது அதன் பெயர். நோயாளிகளின் துணி மாற்றிக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பெயர் பேச்சியம்மாள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

"பூமுடியா? இங்கயா? நல்ல எடம் பாத்தீக போங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, இப்படி நிக்கிற மனுசங்கிட்ட மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல? டாக்டரய்யா, ஒரு நுனி மட்டும் நறுக்கிக்கிறேன்."

கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, கோமதியின் தலைத்துண்டை அவிழ்த்தார். ஒரு கற்றையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. விரல்களை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது சீயக்கா ஈரம் இல்லய்யா." அவர் குரல் மாறிவிட்டது. "டாக்டரய்யா! இங்க வாங்க! தலையில இருக்கு, தலையில! எங்க அக்கா மக இப்பிடித்தான் பேனுக்குப் பருத்தி மருந்த வச்சுக்கிட்டு வந்து சேந்தா!"

அதன்பின் நிகழ்ந்தவை சில நிமிடங்களில் நிகழ்ந்தன. "வழிச்சிருங்க" என்றார் மருத்துவர். அறுவைக்கு முன் மயிர் களையும் பணியாளர் ஒருவர் சவரக்கத்தியோடு வந்தார். இடுப்புக்குக் கீழே இறங்கும் அந்தக் கூந்தல் ஒரு தகர வாளிக்குள் போயிற்று. பேச்சியம்மாள் சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினார், மீண்டும் கழுவினார், கழுத்தையும் முதுகையும் கழுவி, உடுத்தியிருந்ததையெல்லாம் களைந்து வேறு உடை மாற்றினார். எனக்கு முன்பின் தெரியாத அந்தப் பெண், தன் கூடப்பிறந்தவளுக்குச் செய்வதுபோலச் செய்தார். "படிச்சவுக வீட்டுலயும் இதத்தான் வைக்கிறாகளா? கொடுமைதான்" என்று நடுவில் முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்துப் போட்ட ஊசியின் பலன் நிலைத்தது. கண்மணிகள் விரிந்தன; திரும்பச் சுருங்கவில்லை.

முடியைத் தருவதாகச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குண்டாற்றங்கரைக்கு நான் கொண்டுவரும் வரை அம்மன் காத்திருக்கவில்லை. மதுரைக்கே வந்து, அந்தத் தகர வாளியில் வாங்கிக்கொண்டாள். அந்த முடியில்தான் நஞ்சு இருந்தது. முடியை நேராமல், ஆட்டையோ பொங்கலையோ நேர்ந்திருந்தால், அந்தத் துண்டை யார் எப்போது அவிழ்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மருத்துவரின் திறமையையும் பேச்சியம்மாளின் கையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கையை அந்தத் தலைக்குக் கொண்டுசென்றது எது என்பதைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை கோமதி கண் விழித்தாள். கை மெல்ல மேலே போயிற்று.

"என்னங்க, தல ஏன் இம்புட்டு லேசா இருக்கு?"

சொன்னேன். அவள், "பேனுக்குத்தான் வச்சேன். தெருப் பிள்ளைகள்ட்ட இருந்து ஏறிருச்சு. இனி உங்க முன்னால சொறியக் கூடாதுல்ல. எங்க ஊருல ஒண்ணு ரெண்டு பேரு இப்பிடி எண்ணெயில கலந்து வைக்கிறதப் பாத்திருக்கேன். ஒரே நாள்ல போயிரும்பாக" என்றாள்.

நான் தலை குனிந்தேன்.

"நீங்க என்ன நெனச்சீக? நான் சாகப் போனேன்னா?"

"ஆம்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "உங்க ஒரு பேச்சுக்குச் சாகணும்னா, நான் கல்யாணமான மறுமாசமே போய்ச் சேந்திருக்கணும்."

விசாரிக்க வந்த காவலரிடமும் அவளே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, "பேனு போச்சாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் அத்தனை அஞ்சிய போலீஸ் கேஸ் அவ்வளவுதான்.

என் வேண்டுதல் இரண்டும் கேட்கப்பட்டன. அவள் பிழைத்தாள், சாவதற்காக அவள் அதைச் செய்யவில்லை. ஆனால் என் பொருட்டே செய்தாள். சுத்தமாக என் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று செய்தாள். அதையும் அம்மன் எனக்குத் தெரியக் காட்டினாள்.

மாசியில் இருவரும் குண்டாற்றங்கரைக்குப் போனோம். காணிக்கை முடியை ஆஸ்பத்திரியில் எரித்துவிட்டார்கள், இப்போது என்ன செய்வது என்று பூசாரியிடம் கேட்டேன். "ஆத்தா அங்கேயே வாங்கிக்கிட்டா. வெறுங்கையா நிக்கக் கூச்சமா இருந்தா ஒங்க முடியக் குடுங்க" என்றார். கொடுத்தேன். வாழ்வில் முதல்முறை. திரும்பும் பேருந்தில், அரை விரல் முடியோடு அவளும் முழு மொட்டையாக நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடத்துநர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மொட்ட போட்டா சின்னப் பிள்ள கணக்கு, அரை டிக்கெட்டுதான். அரையும் அரையும் ஒண்ணு. ஒண்ணாக் கிழிச்சிரவா சார்?" என்றார். கோமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அருப்புக்கோட்டை வரும் வரை தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே ஆண்டுதோறும் மாசியில் முடி கொடுத்தேன். அவள் ஆண்டுதோறும் உடன் வந்தாள்.

அதன்பின் பருத்திக்கு மருந்தடிக்கும் காலம் வரும்போதெல்லாம், விடுமுறை நாள்களில் சைக்கிளில் ஊர் ஊராகப் போனேன். மருந்தைத் தலையில் வைக்காதீர்கள், தவறி ஏதும் நேர்ந்தால் ஆஸ்பத்திரியில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்பேன். "ஏலே, ஹெட்மாஸ்டரு பேனப் பத்திப் பேச வந்துட்டாருடோய்" என்று மல்லாங்கிணற்றுப் பக்கம் ஒருவர் கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு கேட்டார்கள். வீட்டிலே கோமதியின் முடி வளர வளர, பேன் சீப்பை நான் கையில் எடுத்தேன். "ஐயோ, யாரும் பாத்தா என்ன நெனப்பாக" என்பாள். ஆனாலும் முதுகைத் திருப்பி உட்கார்வாள்.

கடந்த தை மாதம் அவளுக்கு மார்வலி வந்தது. அதே அறைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் வேறொருவர். கேட்ட கேள்விக்கெல்லாம், கேட்டு முடிப்பதற்குள் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடமும் திருடவில்லை. அவர்கள் தங்களால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள். அதே தூணில் நெற்றியை வைத்து அதே சொற்களைச் சொன்னேன். பிற்பகலில் அவள் போய்விட்டாள்.

அந்த வேண்டுதல் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கிறேன். வீட்டில் சீப்பு இருக்கிறது. அதன் பற்களில் நரைத்த ஒரு முடி இருக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மார்கழிப் பகலோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்வுக்கு மேலே, பத்து மாசிகள் எனக்குக் கிடைத்தன. கொடுத்தவளை, எடுத்துக்கொண்டதற்காக மறுக்க என்னால் இயலாது.

அன்பர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பகல் வந்தால், மரியாதையை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அம்மனிடம் உங்கள் வாயில் எந்தப் பேச்சு வருகிறதோ அந்தப் பேச்சிலேயே கேளுங்கள். அவள் எங்கும் வருவாள். தகர வாளி வரை வருவாள். நான் கண்டவன்.

இந்த மாசியிலும் குண்டாற்றங்கரைக்குப் போய் முடி கொடுத்தேன். நேர்ந்தது எதுவும் மீதியில்லை, இருந்தும் கொடுத்தேன். திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடத்தை விட்டு, பக்கத்து இடத்தில் உட்கார்ந்தேன். நடத்துநர் புதியவர். அந்தக் காலி இடத்தையும் என்னையும் பார்த்து, "எத்தன டிக்கெட்டு சார்?" என்றார்.

"ஒன்று" என்றேன். அரையும் அரையும் ஒன்றுதான்.